ஒன்பதாம் ஆட்டக்காரி

ஆண்டுதோறும் வெளிவரும் கலாசாலைச் சஞ்சிகைகளில் ஆட்டக்களத்தைப் பற்றிய அறிக்கை, இன்ன பந்தயத்தில் வென்றோம், இன்ன பந்தயத்தில் தோற்றோம், இன்னார்க்கு நன்றி என்னும் அளவில் முடிந்துவிடுதல் வழக்கம். அவ்வெற்றியும் தோல்வியும் எவற்றால் வந்தன, அவற்றிற்கு யார் என்ன விலை கொடுத்தனர், அவ்விலையை அவர் கொடுத்திருக்க வேண்டியதுதானா என்று வினாவுவார் அரியர். இவ்வினாக்களை எழுப்புதற்கு மிகவும் ஏற்றதொரு வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள ஒரு பெண்கள் கலாசாலையில் நிகழ்ந்துளது. அக்கலாசாலை நம் கலாசாலையைப் போலவே சமயத் தொண்டர்களால் நிறுவப்பெற்றது, பொருள்வளத்திற் சிறியது. அதன் கூடைப்பந்துக் குழுவினர் 1971-72ஆம் ஆண்டில் பெற்ற வெற்றியைப் பலரும் வியந்து பேசுவர். அது திரைப்படமாகவும் வந்துள்ளது. வியப்பு நன்றே. ஆயின், அவ்வியப்பினின்று மக்கள் எடுத்துக்கொள்ளும் பாடங்கள் இரண்டும் பிழையானவை என்பது எம் கருத்து. அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பென்சில்வேனியா மாகாணத்தில், பிலடெல்பியா மாநகர்க்கு மேற்கே, இம்மாக்குலேட்டா என்னும் பெண்கள் கலாசாலை 1920ஆம் ஆண்டில் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றால் நிறுவப்பெற்றது. இன்று அது சர்வகலாசாலை என்னும் பெயர் பூண்டு ஆண்களையும் சேர்த்துக்கொள்கின்றது. யாம் கூறப்புகுந்த காலத்திலோ அது மகளிர்க்கே உரியதாய், சிறு தொகையினரான மாணவியரையே கொண்டதாய் இருந்தது.

அதன் வெற்றியின் அருமையை உணர வேண்டுமாயின், பெண்களுக்குக் கூடைப்பந்து எவ்வாறு அளந்து கொடுக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கலாசாலை ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தார். மறு ஆண்டிலேயே அண்மையிலுள்ள ஸ்மித் பெண்கள் கலாசாலையில் சென்டா பெரன்சன் என்னும் தேகப்பயிற்சி ஆசிரியை இதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். அவரே மகளிர்க்கெனத் தனி விதிகளையும் அமைத்தார். ஆட்டக்களம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியில் நிற்பவள் மற்றொரு பகுதிக்குள் அடியெடுத்து வைத்தல் ஆகாது. பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தலும் ஆகாது. அதிகமாக ஓடினால் பெண்ணின் உடல் தாங்காது என்பது அக்காலத்துப் பெரியோர் பலருடைய துணிபு. பெரன்சன் அம்மையாரை யாம் குறைகூறோம். அவ்வேலிகளை இடாதிருந்தால் ஆட்டமே பெண்களுக்குக் கிட்டாது போயிருக்கலாம். ஆயினும் வேலி நெடுங்காலம் நின்றது. உருவம் பல மாறிய பின்னரும், ஐவர் ஐவராகக் களம் முழுவதும் ஓடியாடும் முறை அமெரிக்கக் கலாசாலை மகளிர்க்கு விதியாக ஏற்கப்பட்டது 1971ஆம் ஆண்டிலேதான். ஆட்டம் தோன்றி எண்பதாண்டுகள் கழிந்த பின்னரே, களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும் உரிமை பெண்ணுக்கு முற்றும் வாய்த்தது.

அவ்வுரிமையோடு தொடங்கிய முதற் பருவமே இம்மாக்குலேட்டாவின் பருவம். அக்குழுவினர்க்கு உரிமை வந்ததேயன்றி வசதி வரவில்லை. கலாசாலையின் விளையாட்டுக்கூடம் 1967ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. அதன்பின் கன்னியர் மடத்தைச் சார்ந்த கூடத்திலே பயின்ற காலமும் உண்டு. குழுவைப் பயிற்றுவித்த காதி ரஷ் என்பார் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளம்பெண். அவருக்குக் குறிக்கப்பட்ட ஊதியம் 450 டாலர். மாணவியர் உடுத்தி ஆடியது மடிப்பு வைத்த கம்பளி அங்கி. பயணச் செலவிற்குப் பணம் சேர்க்கப் பல் துலக்கும் தூரிகைகளை விற்றனர். குழுவின் தலைசிறந்த ஆட்டக்காரியான தெரசா ஷாங்க் வேறொரு கலாசாலையிற் சேர இருந்தவர். அவர்தம் வீடு எரிந்துபோக, குடும்பத்தை விட்டுப் பிரிய மனமின்றி அருகிலிருந்த இக்கலாசாலைக்கு வீட்டிலிருந்தே வந்து பயின்றார். கூடத்தை அழித்ததும் நெருப்பு; அக்கூடமில்லாக் குழுவிற்கு அதன் முதல்வியைக் கொணர்ந்ததும் நெருப்பு.

பருவம் முழுவதும் தோல்வியே காணாது வந்த இக்குழு, பிராந்தியப் பந்தயத்தின் இறுதியில் வெஸ்ட் செஸ்டர் என்னும் அரசாங்கக் கலாசாலைக் குழுவை எதிர்த்து ஆடி 32 புள்ளிகள் வேறுபாட்டில் தோற்றது. அந்த வெஸ்ட் செஸ்டரே காதி ரஷ் கல்வி பயின்ற கலாசாலை. இத்தகைய தோல்வியை அடைந்த பின்னும் தேசியப் பந்தயத்திற்கு அழைப்பு வந்தது. மகளிர் கலாசாலைகளின் ஆட்டங்களை நடத்துதற்கென அக்காலத்துப் புதிதாய் அமைந்த சங்கம், தனது முதல் தேசியக் கூடைப்பந்துப் பந்தயத்தை 1972ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இல்லினாய் மாகாணத்து நார்மல் நகரில் நடத்திற்று. பதினாறு குழுக்கள் வந்தன. அவற்றுள் இம்மாக்குலேட்டாவிற்குக் கொடுத்த வரிசையிடம் பதினைந்தாவது.

கையிலிருந்த பணத்தைக் கொண்டு எண்மரையே அழைத்துச் செல்ல முடிந்தது. அவ்வெண்மரும் ஆகாய விமானத்தில் இடம் மிஞ்சினால் ஏறிக்கொள்ளும் மலிவான சீட்டிலே சென்றனர். குழுவிற் சேர்ந்து பருவம் முழுவதும் உழைத்த மற்றையோர் ஊரிலேயே தங்கிவிட்டனர். போனவர்கள் அடுத்தடுத்து வென்றனர். அரையிறுதியில், முந்திய ஆண்டின் வெற்றிக்குழுவான மிசிசிப்பி மாநில மகளிர் கலாசாலையை 46-43 என்னும் கணக்கில் வீழ்த்தினர். இறுதியாட்டத்தில் எதிர்வந்து நின்றதோ தம்மைச் சில நாட்களுக்கு முன் புறங்காட்டச் செய்த அதே வெஸ்ட் செஸ்டர். இம்முறை 52-48 என்னும் கணக்கில் இம்மாக்குலேட்டா வென்றது. 1973, 1974 ஆகிய ஆண்டுகளிலும் அதுவே தேசிய வெற்றியை அடைந்தது.

இவ்வரலாற்றைக் கூறுவோர் எடுத்துக்காட்டும் முதற்பாடம், வறுமையே வீராங்கனைகளை ஆக்குகின்றது என்பது. கூடம் இல்லை, பணம் இல்லை, நல்ல உடை இல்லை, ஆயினும் வென்றனர், ஆதலின் மன உறுதி ஒன்றே போதும் என்று முடிப்பர். இம்முடிபு கேட்பதற்கு இனியது. பொருட்காப்பாளர்களுக்கு மிக இனியது. ஆனால் உண்மை அதுவன்று.

இம்மாக்குலேட்டா மாணவியர் வெறுங்கையோடு களத்திற்கு வந்தவரல்லர். பிலடெல்பியா நகரத்துக் கத்தோலிக்கப் பங்குகளிலும் பள்ளிகளிலும் பெண்பிள்ளைகளுக்கான கூடைப்பந்துப் பந்தயங்கள் பல தலைமுறைகளாக நடந்துவந்தன. பத்து வயதுச் சிறுமியும் பந்தைக் கையிலெடுத்தால் ஏன் என்று கேட்பாரில்லை; தந்தையர் வந்து பார்த்தனர்; கன்னியாஸ்திரீகள் ஊக்கினர். அவர்களுட் சிலர் தாமே இளமையில் அவ்வாட்டத்தை ஆடியவர். பிற ஊர்ப் பெண்கள் கலாசாலைக்கு வந்த பின்னர்ப் பந்தைப் பிடிக்கக் கற்றனர்; இவர்களோ பத்தாண்டுப் பயிற்சியோடு வந்தனர். சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்? சட்டியை நிரப்பியவர் அப்பங்குகளின் ஆசிரியைமாரும் பெற்றோரும். 1972ஆம் ஆண்டில் அகப்பையிற் கண்ட வெற்றி அவர்கள் பல்லாண்டுகளாக இட்ட முதலீட்டின் பயன். வறுமையின் பயனாயின், அந்நாட்டில் அன்றிருந்த வறிய பெண்கள் குழுக்கள் யாவும் வெற்றி பெற்றிருத்தல் வேண்டும். கூடமும் பொருளும் இன்றிப் பெயர் தெரியாது போன குழுக்கள் எத்தனையோ. அவற்றைப் பற்றி எவரும் திரைப்படம் எடுப்பதில்லை.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. திறமையின்மையை மறைக்கக் கருவியைப் பழிப்பாரை இடித்துரைக்க எழுந்தது அது. ஆனால் பெண்பிள்ளைகள் பந்து கேட்டாலும், களம் கேட்டாலும், காலணி கேட்டாலும் இப்பழமொழியைச் சொல்லி அவர்தம் வாயை அடைத்துவிடுதல் எளிதாகின்றது. இம்மாக்குலேட்டாவின் வரலாறும் அவ்வாறே வாயடைக்கும் கருவியாக ஆக்கப்படுவதை யாம் ஒப்போம். கூடம் எரிந்துபோயிற்று என்றால் அது மெய்யாகவே எரிந்துபோயிற்று. அதனைக் கூறுதல் சாக்குப்போக்கன்று. ஆட வல்லவளும் கூடம் கோணல் எனக் கூறலாம். கோணலாயின் நிமிர்த்திக் கொடுத்தல் கூடத்திற்கு உரியார் கடன்.

இங்கே விமானத்தில் ஏறாத மாணவியரை நினைவிற் கொள்ள வேண்டுகின்றோம். எண்மர் சென்றனர் என்று வரலாறு பெருமிதத்தோடு கூறுகின்றது. ஒன்பதாமவள் யாது செய்தாள்? அவளும் அக்கம்பளி அங்கியை உடுத்தாள். அவளும் பயிற்சிக்கு வந்தாள். அவளும் தூரிகை விற்றாள். அவள் விற்றுச் சேர்த்த பணத்திலும் ஒரு பங்கு பிறருடைய பயணச்சீட்டிற் சேர்ந்திருக்கும். ஆட்டத்திறனில் அவள் எட்டாமவளுக்கு ஒரு படி குறைந்தவளாய் இருந்திருக்கலாம். அதனால் அவள் களத்தில் இறங்காது பலகையில் அமர்ந்திருத்தல் முறை. பலகையிலும் இடமின்றி ஊரிலிருத்தல் முறையன்று. எண்மரின் வெற்றியைப் பாடும்போது அவ்விடத்தில் நின்று நாணாத வரலாறு பாதி வரலாறே.

இனி இரண்டாம் பாடத்திற்கு வருவோம். இம்மாக்குலேட்டாவின் மேன்மை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் இறுதியாட்டம் வரை சென்று மிசிசிப்பியின் டெல்டா அரசாங்கக் கலாசாலைக்குத் தோற்றது. 1977ஆம் ஆண்டோடு காதி ரஷ் பயிற்றுவித்தலை விட்டார். அதன்பின் அக்கலாசாலை தேசியப் பந்தயங்களின் முன்னணியிலிருந்து விலகியது. இதற்குக் காரணம் இரண்டு மாற்றங்கள். 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அஃதாவது அவ்வெற்றிக்கு மூன்று மாதங்களின் பின், அமெரிக்கக் கல்விச் சட்டத் திருத்தங்களின் ஒன்பதாம் பகுதி நிறைவேறிற்று. அரசாங்கப் பொருளுதவி பெறும் கல்விச்சாலைகள் பால்வேற்றுமை பற்றி எவரையும் விலக்கலாகாது என்பது அதன் சாரம். மற்றொன்று, ஆட்டத்திறன் கருதி மாணவியர்க்கு உபகாரச் சம்பளம் கொடுத்தலை மகளிர் சங்கம் முதலிற் தடுத்திருந்தது; மாணவியர் வழக்குத் தொடுத்ததன் பின் 1973ஆம் ஆண்டில் அத்தடையை நீக்கியது. பெரிய சர்வகலாசாலைகள் மெல்ல மெல்லப் பெண்கள் குழுக்களுக்கும் பொருளைச் செலவிடலாயின. உபகாரச் சம்பளம் அளித்துச் சிறந்த ஆட்டக்காரியரை அழைத்துக்கொண்டன. அவற்றோடு போட்டியிடும் வலி சிறிய கலாசாலைக்கு இல்லாது போயிற்று.

இதனைக் கண்டு இரங்குவார், பணம் வந்தது, தூய்மை போயிற்று என்பர். பெண்கள் ஆட்டம் அன்பிற்காக ஆடப்பட்ட பொற்காலம் சட்டத்தால் அழிந்தது என்றும் கூறுவர். இவ்விரக்கத்தில் உண்மை சிறிதும் இல்லை என யாம் கூறோம். பணத்தோடு அதன் பிணிகளும் வந்தன. மாணவியைக் கல்விக்கு உரியவளாகக் கருதாது புள்ளி ஈட்டும் கருவியாகக் கருதும் மனப்பான்மை தலையெடுத்தது. 1972ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கலாசாலைப் பெண்கள் குழுக்களைப் பயிற்றுவித்தோருட் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேற்பட்டோர் பெண்களே. ஊதியம் உயர்ந்த பின்னர் அப்பதவிகளை ஆண்கள் நாடி வந்தமையால் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. மகளிர் சங்கத்தை நடத்திய ஆசிரியைமார் உபகாரச் சம்பளத்திற்கு அஞ்சியது ஆண்கள் ஆட்டத்தில் தாம் கண்ட ஊழல்களை எண்ணியே. அவ்வச்சம் நல்லெண்ணத்தில் விளைந்தது.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். அத்தூய்மையைக் காக்கும் செலவை யார் தலையில் வைத்தனர்? ஆண்பிள்ளைகள் உபகாரச் சம்பளமும் பெற்றனர், புதிய கூடமும் பெற்றனர், தூய்மை கெட்டதென்று இரங்குவாரும் இன்றி ஆடினர். பெண்பிள்ளைகள் மட்டும் தூய்மையின் பொருட்டு ஊதியமின்றியும் உதவியின்றியும் இருத்தல் வேண்டும் என்பது நீதியாகாது. பிணி இருப்பின் இரு பாலார்க்கும் மருந்து கொடுத்தல் முறை. ஒருவரை மட்டும் பட்டினியிடுதல் மருத்துவம் அன்று.

கணக்கையும் பார்ப்போம். 1971-72ஆம் பள்ளியாண்டில் அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளின் ஆட்டக்குழுக்களில் ஆண்பிள்ளைகள் 36 லட்சத்திற்கு மேல். பெண்பிள்ளைகளோ மூன்று லட்சத்தையும் எட்டவில்லை. இன்று அப்பெண்களின் தொகை 30 லட்சத்தைக் கடந்துள்ளது. இம்மாக்குலேட்டா இழந்தது தேசியக் கோப்பை. அவ்விழப்பிற்கு எதிரே நிற்பது பல லட்சம் சிறுமியர் ஆட்டக்களத்தைப் பெற்ற பேறு. துலாக்கோலின் எத்தட்டு தாழும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. சட்டத்தின் பெயரும் ஒன்பதாம் பகுதி, நாம் தேடிய மாணவியும் ஒன்பதாமவள் என்பது எண்ணின் தற்செயல் ஒற்றுமை. ஆனால் அச்சட்டம் யாருக்காக வந்தது என்று கேட்பின், கோப்பை ஏந்திய எண்மரைவிட ஊரில் நின்றுவிட்டவளுக்காகவே வந்தது என விடையிறுப்போம்.

இம்மாக்குலேட்டாவும் அச்சட்டத்திற்கு வழிகாட்டியாகவே விளங்கிற்று என்பது எம் எண்ணம். 1975ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மேரிலாந்து சர்வகலாசாலையோடு அது ஆடிய ஆட்டம் அந்நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. அடுத்த மாதம் நியூயார்க்கு மாநகரின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் என்னும் பேரரங்கில் குவீன்ஸ் கலாசாலையோடு ஆடியபோது ஏறக்குறைய 12,000 பேர் வந்து பார்த்தனர். பெண்கள் ஆடுவதைப் பார்க்க யார் வருவார் என்று கேட்டவர்க்கு அதுவே மறுமொழி. தெரசா ஷாங்க் பின்னாளில் தெரசா கிரென்ட்ஸ் என்னும் பெயரோடு 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற அமெரிக்க மகளிர் குழுவைப் பயிற்றுவித்தார். பின்வந்த பருவங்களில் அக்குழுவில் ஆடிய மற்றொருவர் வேறொரு சர்வகலாசாலைக் குழுவைத் தேசிய வெற்றிக்கு நடத்தினார். சிறிய கலாசாலை தான் தாழ்ந்து பிறரை ஏற்றிவிட்டது எனக் கூறினும் பொருந்தும். 2014ஆம் ஆண்டில் அப்பழைய குழு முழுவதும் நைஸ்மித் பெயரால் விளங்கும் கூடைப்பந்துப் புகழ்மன்றத்திற் சேர்க்கப்பெற்றது.

அவ்வாறாயின் அப்பருவத்தினின்று நாம் கற்க வேண்டுவது யாது? பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் அங்கு இருந்தது, அதனைக் கற்போம். கன்னியாஸ்திரீகள் தம் அங்கியோடு பார்வையாளர் வரிசையில் நிறைந்திருந்தனர். ஆட்டக்காரி ஒருத்தியின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார்; அவர் கொணர்ந்த தகர வாளிகளைக் கன்னியர் தட்டி ஆரவாரித்து மாணவியரை ஊக்கினர். தத்துவமும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியைமார் வாளி தட்டுவதா என்று எவரும் முகஞ் சுளிக்கவில்லை. பெண் ஓடுவது, வியர்ப்பது, கத்துவது, வெல்ல விரும்புவது யாவும் நாணத்தக்கன அல்ல என்பதை ஆயிரம் சொற்பொழிவினும் அவ்வோசை தெளிவாக உரைத்திருக்கும். இத்தகைய ஊக்கத்திற்கு ஒரு காசும் வேண்டுவதில்லை. இதனையும் செய்யாது பணமில்லை என்று கூறுவோர் மெய்யாகவே கூடத்தைக் கோணல் என்பவராவர்.

ஆசிரியப் பெருமக்களுக்கும், பழைய மாணவர்க்கும், இன்று பயில்வோர்க்கும் யாம் விண்ணப்பிப்பன சிலவே. வரவுசெலவுத் திட்டம் வகுக்கும்போது பெண்கள் குழுவின் பயணச் செலவை இறுதியில் மிஞ்சியதைக் கொண்டு எழுதாது தொடக்கத்திலேயே எழுதுக. ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பர். அளக்கும் படி இரு பாலார்க்கும் ஒன்றாய் இருக்கட்டும். ஆட்டக்களத்தை மாலைவேளையில் ஆண்கள் கொள்ள, வெயில்வேளையைப் பெண்களுக்கு ஒதுக்கும் வழக்கம் எங்கே உண்டோ அங்கே அதனை மாற்றுக. பயிற்சி முடிந்து இருட்டும் வேளையில் வீடு திரும்பும் மாணவிக்குத் துணையும் ஊர்தியும் ஏற்பாடு செய்தல் குழுவின் செலவேயாகும், பெற்றோரின் கவலை மட்டுமன்று. பழைய மாணவர் நன்கொடை அளிக்க எண்ணின், வென்றவர்க்குக் கோப்பை வாங்கித் தருவதினும், ஒன்பதாமவளுக்கும் பத்தாமவளுக்கும் பயணச்சீட்டு வாங்கித் தருவது மேலானது. மாணவராகிய இளைஞர்கள் தம் தோழியரின் ஆட்டத்தைச் சென்று பார்க்க வேண்டும். நகையாடப் போகாது, நல்ல வீச்சைக் கண்டு கை தட்டப் போக வேண்டும்.

மாணவியரை நோக்கியும் ஒரு சொல். குறைந்த வசதியோடு நீங்கள் வெல்லுங்கால் உலகம் உங்களை வாயாரப் புகழும். அப்புகழை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் குறைகளை அணிகலன்களாக மாற்றி உங்களுக்கே பூட்டிவிட இடங்கொடாதீர்கள். கூடமில்லாதபோதும் ஆடுங்கள், ஆடிக்கொண்டே கூடத்தையும் கேளுங்கள். கேட்பது நன்றி மறத்தலாகாது. அடுத்த பருவத்தில் குழுவிற் சேரவிருக்கும் சிறியவளுக்கு நீங்கள் விட்டுச்செல்லக்கூடிய செல்வம், கண்ணாடிப் பேழையில் வைத்த கோப்பையினும், அவள் கேளாமலே அவள் பெயரும் பயணப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும் நிலைமையே என்பது எம் துணிபு.